சாகாமல் வாழ்வது நல்லதா? பெய்ஜிங் மைக்கில் சிக்கிய பேச்சும் அதன் பின்னணியும்

2025 செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங்கில் பெரிய ராணுவ அணிவகுப்பு. சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ரஷ்ய அதிபர் புதினும் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். திறந்திருந்த மைக் ஒன்றின் வழியாக அந்தப் பேச்சு நேரலையில் வெளியே வந்துவிட்டது. உயிரித் தொழில்நுட்பம் வளர்ந்துகொண்டே போகிறது, உடல் உறுப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம், சாகாமல்கூட இருக்கலாம் என்று புதின் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சீனத்தில் சொல்கிறார். இந்த நூற்றாண்டிலேயே மனிதர் 150 வயது வரை வாழலாம் என்று சிலர் கணிக்கிறார்கள் என்று ஷி பதில் சொல்கிறார். இருவருக்கும் அப்போது வயது 72.

அந்தச் செய்தி பரவியதும் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. இது நடக்குமா? நடந்தால் நல்லதா? இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எது நடக்கக்கூடியது என்று தெரியாமல் அது நல்லதா கெட்டதா என்று பேசினால், ஒருவர் ஒன்றை நினைத்துப் பேசுவார், எதிரில் இருப்பவர் வேறொன்றை நினைத்து மறுப்பார்.

தொடங்கும் முன் ஒன்று. வள்ளலார் சொன்ன மரணமிலாப் பெருவாழ்வு அருள்வழியில் வருவது. அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. ஆய்வுக்கூடம் தரப்போவதாகச் சொல்லும் ஆயுளைப் பற்றி மட்டுமே பேச்சு.

## ஒரே சொல்லுக்கு மூன்று பொருள்

‘சாகாமை’ என்று செய்திகளில் வருவது உண்மையில் மூன்று வெவ்வேறு விஷயங்கள்.

1. நலத்தோடு கூடிய நெடுவாழ்வு. 70 வயதில் வரும் தளர்ச்சி 90இல் வருகிறது. மறதி நோய், மாரடைப்பு எல்லாம் தள்ளிப்போகின்றன. சாவு இருக்கிறது, தாமதமாக வருகிறது.

2. மூப்பில்லாத வாழ்வு. உடல் 25, 30 வயது நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் லாரி மோதினால் சாவு உண்டு. வெள்ளம், தொற்றுநோய், போர் எல்லாம் உண்டு.

3. சாகவே முடியாத வாழ்வு. என்ன நடந்தாலும் உயிர் போகாது.

இரண்டாவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூப்பே இல்லாமல், விபத்தும் நோயுமாகச் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சராசரி ஆயுள் 1000 ஆண்டு. பாதிப் பேர் 700 ஆண்டுக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். 10,000 ஆண்டு வாழ்பவர் சுமார் 22,000 பேரில் ஒருவர். ஆக, மூப்பை முழுக்க ஒழித்தாலும் கிடைப்பது நீண்ட ஆயுள்தான், முடிவில்லாத ஆயுள் இல்லை.

மூன்றாவது இயற்கையில் நடக்காது. சூரியனின் வெளிச்சம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் பூமியில் கடல்நீர் தங்காது. ஆனாலும் கதைகளும் தத்துவ விவாதங்களும் அதிகம் எடுத்துக்கொள்வது இந்த மூன்றாவதைத்தான். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மகாபாரதம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்கிறது. பீஷ்மருக்குக் கிடைத்தது இச்சா மரணம்: தான் விரும்பும்போதுதான் சாவு வரும். அது வரம். அசுவத்தாமனுக்குக் கிடைத்ததோ, உடம்பெல்லாம் சீழும் ரத்தமுமாகத் துணையின்றி 3000 ஆண்டு அலைவது. அது சாபம். இருவருக்குமே ஆயுள் நீண்டதுதான். போகலாம் என்று முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

## சராசரி ஆயுள் வேறு, உச்ச ஆயுள் வேறு

சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இன்று சுமார் 70. இதைக் காட்டி, இதே வேகத்தில் போனால் 150 வந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறான கணக்கு.

அன்று யாரும் 32 வயதில் கிழவராகிச் சாகவில்லை. ஏராளமான குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். அதனால் சராசரி இறங்கியது. தடுப்பூசியும் சுத்தமான தண்ணீரும் ஆன்டிபயாடிக்கும் நல்ல பிரசவ வசதியும் வந்ததும் சராசரி ஏறியது. குழந்தைகள் சாகாமல் காப்பாற்றப்பட்டதுதான் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி.

உச்ச ஆயுள் அப்படி ஏறவில்லை. பிரான்ஸின் ஆர்ல் நகரில் 1875இல் பிறந்த ஜான் கால்மான் என்ற பெண்மணி 1997இல் இறந்தபோது அவருக்கு வயது 122. ஆவணம் உள்ள மனித ஆயுளில் அதுதான் உச்சம். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில், இத்தனை மருத்துவ வளர்ச்சிக்கு நடுவில், அதை ஒருவரும் தாண்டவில்லை.

## உறுப்பை மாற்றினால் போதுமா?

1825இல் லண்டனில் காப்பீட்டுக் கணக்கு பார்த்துவந்த பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் ஒரு விதியைக் கண்டார். சுமார் 30 வயதுக்குப் பிறகு, சாகும் வாய்ப்பு சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 30 வயதில் இருந்த ஆபத்து 94 வயதில் எட்டு முறை இரட்டித்திருக்கும். அதாவது 250 மடங்குக்கு மேல்.

இந்த விதியிலிருந்து வருவது பலரையும் திகைக்க வைக்கும் ஒரு முடிவு. நாளைக்கே எல்லாப் புற்றுநோயையும் முற்றிலும் குணப்படுத்தினால், அமெரிக்கா போன்ற நாட்டில் சராசரி ஆயுள் கூடுவது மூன்று ஆண்டு சொச்சம்தான். புற்றுநோயிலிருந்து தப்பிய 80 வயதுக்காரரை இதயமோ சிறுநீரகமோ மூளையோ அடுத்த சில ஆண்டில் பிடித்துக்கொள்ளும். கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்றினால் பக்கத்து ஓடு ஒழுகுகிற மாதிரி.

புதின் சொன்ன உறுப்பு மாற்று வழியும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் மாற்றலாம். மாற்றியவர் புது உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தொற்றும் சிலவகைப் புற்றுநோயும் எளிதில் வரும். ரத்தக்குழாய்கள் உடல் முழுக்க ஒரே நேரத்தில் தேய்கின்றன. மூளையை மாற்ற முடியாது. மாற்றினால் அந்த ஆள் அந்த ஆளாக இருக்க மாட்டார்.

ஆகவே ஆய்வாளர்கள் நோய்களை ஒவ்வொன்றாகத் துரத்துவதை விட்டு, அவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் மூப்பையே தொடப் பார்க்கிறார்கள்.

## ஆய்வுக்கூடத்தில் இதுவரை

1993இல் சிந்தியா கென்யனின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றி, அதன் ஆயுளை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிக்காட்டியது. மூப்பின் வேகம் மாற்றக்கூடியது என்று அன்றுதான் பலர் நம்பத் தொடங்கினார்கள்.

2009இல் ராபமைசின் என்ற மருந்து, மனிதக் கணக்கில் சுமார் 60 வயதுள்ள சுண்டெலிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது அவற்றின் ஆயுள் கூடியது. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த மருந்து அது. அந்தத் தீவின் ராப்பா நூயி என்ற பெயரிலிருந்துதான் மருந்துக்கும் பெயர் வந்தது. ஆனால் சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுப்பதும் இதே மருந்துதான். நலமாக இருப்பவர் இதை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் நெடுநாள் வாழ்வார் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, முதிர்ந்த செல்லை நான்கு மரபணுக்களின் உதவியால் கருநிலைக்குத் திருப்பினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு. உயிருள்ள எலியின் உடலுக்குள் இதை முழுமையாகச் செய்தபோது கட்டிகள் வளர்ந்தன. பாதி வழியில் நிறுத்தினால் இளமை திரும்பி, கட்டி வராமல் இருக்குமா என்பதுதான் இப்போதைய தேடல். 2022இல் 300 கோடி டாலர் முதலீட்டோடு தொடங்கிய ஆல்டோஸ் லேப்ஸ் இந்த வழியில் போகிறது.

கட்டி வந்தது தற்செயல் இல்லை. நம் உடலில் சாதாரண செல்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961இல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். நிற்காமல் பிரிந்துகொண்டே போகும் செல்லுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் புற்றுநோய். 1951இல் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் இறந்தபோது வயது 31. செல்லின் சாகாமையும் மனிதரின் சாகாமையும் எதிரெதிராக நிற்கும் இடம் இது.

சுருக்கமாகச் சொன்னால், முதல் பொருளில் உள்ள நெடுவாழ்வு வரக்கூடும். இரண்டாவது எப்போது வரும் என்று தேதி சொல்பவரை நம்ப வேண்டாம். அது வந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பது வேறு விஷயம், யோசிக்கத்தான் வேண்டும்.

## எனக்கு நல்லதா?

தத்துவ உலகில் இதற்கு மூன்று வாதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. சாவு கெடுதலே இல்லையே, அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்? நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை என்றார் கிரேக்க நாட்டு எபிக்யூரஸ். இதற்குத் தாமஸ் நேகல் 1970இல் பதில் எழுதினார்: வலிப்பது மட்டும் கெடுதல் என்று இல்லை, கிடைத்திருக்கக்கூடிய நல்லது கிடைக்காமல் போவதும் கெடுதல்தான். நம் ஊர் வழக்கை வைத்து இதைச் சோதிக்கலாம். பேரன் பேத்தி எடுத்து 90 வயதில் போனால் கல்யாணச் சாவு என்று மேளம் அடித்து அனுப்புகிறோம். 20 வயதில் ஒருவர் போனால் ஊரே வாயடைத்து நிற்கிறது. 90இல் போனவருக்கு 30 வயதின் உடம்பும் தெளிவும் இருந்திருந்தால் அதைக் கல்யாணச் சாவு என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வயதை வைத்து அல்ல, தேய்ந்துபோன உடம்பையும் பட்ட பாட்டையும் வைத்துத்தான் ‘போதும்’ என்கிறோம்.

2. சலிப்பு வராதா? ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் இதை வலுவாக வைத்தார். நம்மை வாழத் தூண்டும் ஆசைகள் நம் குணத்திலிருந்து வருபவை; முடிவில்லாத காலத்தில் அவை தீர்ந்துபோகும்; புதிது புதிதாக ஆசை முளைக்க வேண்டுமானால் நாமே வேறு ஆளாக மாற வேண்டும் என்றார். ஜான் மார்ட்டின் ஃபிஷர் 1994இல் இதை மறுத்தார். சில இன்பங்கள் ஒருமுறையோடு தீரும். மலை உச்சியை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். சில இன்பங்கள் இடைவெளி விட்டு வந்தால் தீராது: நல்ல சாப்பாடு, இசை, பிரியமானவரோடு பேச்சு. அவர் சொல்வது சரி. ஐம்பது வருடமாகத் தோடி கேட்பவரிடம், இன்னுமா கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. காலைக் காபி இருபதாயிரமாவது நாளிலும் காபிதான். சலிப்பு வாதம் பலமாகத் தெரிவதற்குக் காரணம், அது மூன்றாவது பொருளில் உள்ள, வெளியேறும் வழியே இல்லாத வாழ்வை எடுத்துக்கொள்வது. பீஷ்மருக்கு இருந்த உரிமை இருந்தால் அதன் பாதி பலம் போய்விடும்.

3. 800 வயதில் இருப்பவர் நானா? இது கொஞ்சம் கடினமான கேள்வி. நாலு வயதில் நடந்தது நமக்கு நினைவில்லை. ஆனாலும் அது நாம்தான் என்கிறோம். அதை நினைவில் வைத்திருக்கும் அம்மா இருக்கிறார், படம் இருக்கிறது, தொடர்ச்சி அறுபடவில்லை. 800 வயதில் முதல் நூறு ஆண்டு முழுக்க மறந்துபோயிருக்கலாம்; முதல் கல்யாணம், முதல் குழந்தையின் முகம் உட்பட. டூரிடோப்சிஸ் டோர்னி என்ற ஜெல்லி மீன் அடிபட்டால் முதிர்ந்த நிலையிலிருந்து இளநிலைக்கே திரும்பி மறுபடி வளர்கிறது. அதைச் ‘சாகா உயிர்’ என்று செய்திகள் கொண்டாடுகின்றன. அதற்கு மூளை இல்லை, காப்பாற்ற நினைவும் இல்லை. மனிதருக்கு அப்படி நடந்தால் அதை நீண்ட ஆயுள் என்பதைவிட மறுபிறப்பு என்பதே பொருந்தும். இருந்தாலும், இது வாழ்வு வேண்டாம் என்பதற்கான காரணமாகாது. மெல்ல மாறிக்கொண்டு போவது இப்போதும் நடக்கிறது.

ஆக, தனி ஒருவரின் பக்கமிருந்து பார்த்தால், உடல்நலமும் போய்ச்சேரும் உரிமையும் இருக்கும் வரை நீண்ட ஆயுள் நல்லது. எவ்வளவு நீளம் என்பதற்கு அவரே எல்லை. சாவை அழகாக்கிப் பேசும் பல வாதங்கள், தப்ப முடியாததற்கு நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்றே நினைக்கிறேன்.

சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. நமக்கு நல்லதா?

## ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஒரு குழந்தை

பூமி தாங்காது என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. இதில் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. யாருமே சாகாமல், ஒவ்வொரு தம்பதியும் வாழ்நாள் முழுக்க ஒரே குழந்தை பெற்றால், ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் பாதி. எல்லாத் தலைமுறையையும் கூட்டினாலும் மொத்தம் தொடக்கத்தின் இரண்டு மடங்கைத் தாண்டாது. 800 கோடி 1600 கோடியைத் தொடாது. கஷ்டம்தான், ஆனால் முடிவில்லாத பெருக்கம் இல்லை.

அந்தக் கணக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மக்கள்தொகை நிலையாக இருக்க வேண்டுமானால் பிறப்பும் இறப்பும் சமமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் இறக்கும் உலகில், ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு ஒரு குழந்தைதான் பிறக்கலாம். இன்று இந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 18, 19 குழந்தைகள் பிறக்கின்றன.

அந்த ஊரின் தொடக்கப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் ஒருவர், இரண்டாம் வகுப்பில் ஒருவர். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஐந்து பிள்ளைகள். நொண்டி விளையாட ஆள் சேரும், கபடிக்குச் சேராது. அந்தக் குழந்தையைச் சுற்றி அனுபவத்தில் 300, 500 வயதுடையவர்கள், எல்லோரும் 30 வயதுத் தோற்றத்தில். சேட்டை பண்ணக் கூட்டாளி இல்லை. பெரியவர்கள் சொல்வது தப்பு என்று சேர்ந்து சொல்ல ஒரு தலைமுறையே இல்லை.

சாகாமையின் விலையாக எனக்குப் படுவது இதுதான். அதைக் கொடுப்பவர்கள் பிறக்காமலே போகிறவர்கள். வாதாட அவர்களால் வர முடியாது. யயாதி தன் மூப்பை மகன் பூருவிடம் கொடுத்து அவன் இளமையை வாங்கி ஆயிரம் ஆண்டு அனுபவித்தான் என்கிறது பாரதம். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகாவது திருப்பிக் கொடுத்தான்.

## நாற்காலிகள் காலியாகாது

பெய்ஜிங்கில் பேசிய இருவரிடம் திரும்புவோம். 2018இல் சீனா, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்ற அரசியல் சட்ட வரம்பை நீக்கியது. 2020இல் ரஷ்யா அரசியல் சட்டத்தைத் திருத்தி, புதின் 2036 வரை பதவியில் தொடர வழி செய்தது. தேர்தலும் சட்டமும் அகற்ற முடியாத ஆட்சியாளரை அகற்றும் கடைசி வழியாக வரலாறு முழுக்க இருந்தது முதுமை. அந்த வழியும் அடைபட்டால் என்ன செய்வது என்று எந்த அரசியல் சட்டமும் யோசித்ததில்லை.

ஆட்சி மட்டும் இல்லை. புதிய அறிவியல் உண்மை எதிராளிகளை மாற்றி வெல்வதில்லை. அவர்கள் இறந்து, அதோடு பழகிய புதுத் தலைமுறை வளர்வதால் வெல்கிறது என்று இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் எழுதினார். மூன்று பொருளியலாளர்கள் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். உயிர் அறிவியலில் பணியில் இருக்கும்போதே இறந்த 452 முன்னணி ஆய்வாளர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மறைந்தபின் அந்தத் துறையில் அவர்களோடு சேர்ந்து எழுதாத வெளியாட்களின் ஆய்வுக் கட்டுரைகள் சுமார் 8 சதவீதம் கூடின. அந்த மேதைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் இருந்ததே கதவை மூடிவைத்திருந்தது.

இதற்குச் சாவு தேவையில்லை, சட்டம் போதும் என்று ஒரு மறுப்பு உண்டு. இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார். அதுபோல எல்லாப் பதவிக்கும் சொத்துக்கும் கால வரம்பு வைக்கலாம். நல்ல மறுப்பு. ஆனால் அந்த வரம்பை வைக்க வேண்டியவர்கள், நாற்காலியில் இருப்பவர்கள். ஆயுள் தண்டனை, பென்ஷன், வாரிசுரிமை எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். எழுதுகிறவர் கையில் 400 ஆண்டு வட்டி சேர்ந்த சொத்து இருக்கும்.

## சாவா மருந்து யாருக்கு?

மருந்து வந்தால் முதலில் யாருக்குக் கிடைக்கும் என்று ஊகிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழிலதிபர் பிரையன் ஜான்சன் வயதைக் குறைக்க ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் செலவிடுகிறார். 2023இல் தம் மகனின் ரத்தப் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டு, பலன் தெரியவில்லை என்று அவரே அறிவித்து நிறுத்தினார்.

வள்ளுவர் இதை விருந்தோம்பலில் வைத்துப் பார்த்திருக்கிறார். ‘விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும் வேண்டற்பாற் றன்று.’ வாசலில் விருந்தினர் காத்திருக்க, உள்ளே தனியாகச் சாப்பிடுவது சாவா மருந்தாக இருந்தாலும் வேண்டாம் என்கிறார். மருந்து இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்டார்.

வெளியே நிற்பவர்கள் இப்போதே இருக்கிறார்கள். ஜப்பானில் சராசரி ஆயுள் சுமார் 84, நைஜீரியாவில் சுமார் 54. இந்த 30 ஆண்டு இடைவெளிக்குக் காரணம், கண்டுபிடிக்கப்படாத எந்த மருந்தும் இல்லை. வயிற்றுப்போக்கால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமாக இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றக்கூடியது உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது நம் கையில் இருக்கிறது. ஒரு பாக்கெட்டின் விலை சில ரூபாய்.